பத்தாம் வருடச் சம்பளம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிப்பு வந்தால் போதும், அதே செய்தி, அதே கேலி. 2022இல் 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2024இல் 6,244 இடங்கள். விண்ணப்பம் 20 லட்சத்தைத் தாண்டியது. 2025இல் இடங்கள் 3,935ஆகச் சுருங்கின. அதற்கும் 13 லட்சத்துக்கு மேல் போட்டி. பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே எழுதலாம் என்கிற தேர்வுக்கு பி.இ.யும் எம்.எஸ்ஸி.யும் முடித்தவர்கள் ஹால் டிக்கெட்டோடு நிற்கும் படம் எல்லா வாட்ஸ்ஆப் குழுவிலும் சுற்றும். "உடம்பு வளைஞ்சு வேலை பார்க்க மாட்டானுங்க, கவர்மென்ட் நாற்காலி வேணும்" என்பார் ஒருவர். "படிச்சவனுக்கு இந்த நாட்டுல எங்க வேலை இருக்கு?" என்பார் இன்னொருவர். இரண்டு நாளில் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

இந்த இரண்டு வாதமும் எனக்கு ஒட்டவே இல்லை. மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதுதான் பிழைப்பு. 15ஆம் தேதிக்குள் பி.எஃப். சலான் போட்டாக வேண்டும் என்பதால் மாதத்தின் முதல் பாதி முழுக்க ஊரார் சம்பளப் பட்டியல் என் மேசையில்தான் கிடக்கும். அங்கே வந்து உட்காரும் பார்ட்டிகளில் பாதிப் பேர் "ஆள் இருந்தா சொல்லுங்க தம்பி" என்று கேட்காமல் எழுந்து போவதில்லை. ஆகவே வேலையே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பையன்கள் சோம்பேறிகள் என்று சொல்லவும் வராது. அதற்குக் காரணம் நூலகம்.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் இடம் பிடிக்க, கதவு திறப்பதற்கு முன்பே பையும் சாப்பாட்டுப் பாத்திரமுமாக வந்து நிற்பார்கள். பெரிய பெரிய வழிகாட்டி நூல்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மேசை மேல் கிடப்பதெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் பாடப் புத்தகங்கள். குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரும் வயதில் இருக்கும் ஒருவர் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் பிற்காலச் சோழர் பாடத்தை மூன்று நிற பேனாவால் அடிக்கோடிட்டுக்கொண்டிருப்பார். மதியம் படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும்போதும் ஒருவர் கேள்வி கேட்க இன்னொருவர் பதில் சொல்வது நடக்கும். இந்த உழைப்பைச் சோம்பல் என்று சொல்கிறவர், ஒருநாள் அங்கே சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அந்தத் தேர்வும் லேசுப்பட்டது இல்லை. மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழுக்கே. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். ஐந்தாவதான 'இ' (E) வட்டம், விடை தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்கு. தெரியாவிட்டால் சும்மா விட்டுவிட முடியாது, 'இ'யைக் கறுக்க வேண்டும். கடைசியில் எத்தனை 'ஏ', எத்தனை 'பி', எத்தனை 'இ' என்று ஒவ்வொன்றையும் எண்ணி, அந்த எண்ணிக்கைக்கும் வட்டம் கறுக்க வேண்டும். கூட்டினால் சரியாக 200 வர வேண்டும். விடைத்தாளில் வெறுமனே விட்ட வட்டத்தை யாரும் பிறகு நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. 2019 குரூப் 4இல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையால் குறித்து, பிறகு விடையை மாற்றிய மோசடி வெளியே வந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை. அந்தச் செய்தி வந்த வாரம் நூலகங்களில் இருந்த கொதிப்பு எந்த அரசியல் ஊழலுக்கும் வந்ததில்லை. அது ஏன் என்பது எனக்குப் பிற்பாடுதான் பிடிபட்டது.

இது நம் ஊர்க் கதை மட்டுமா என்றால் இல்லை. ரயில்வே 2019இல் அறிவித்த என்.டி.பி.சி. எனும் தொழில்நுட்பம் சாராப் பணியிடங்கள் சுமார் 35,000. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி. தேர்வு முறையில் வந்த குழப்பத்தால் 2022 ஜனவரியில் பீகார் பற்றி எரிந்தது, கயாவில் ரயில் பெட்டிக்குத் தீ வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் 60,244 கான்ஸ்டபிள் இடங்களுக்கு 48 லட்சம் பேர். 2024 பிப்ரவரியில் கேள்வித்தாள் கசிந்து தேர்வே ரத்தானது. 2014 முதல் 2022 வரை ஒன்றிய அரசு வேலைகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22 கோடி, தேர்வானவர்கள் 7.22 லட்சம் என்று நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. உலகின் பெரிய பொருளாதாரங்களில் நான்காவதா ஐந்தாவதா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்த அதே வருடங்களில் நடந்தவை இவை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித வளர்ச்சி நிறுவனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு விவரம் உண்டு. 2022இல் இந்திய இளைஞர்களில் பட்டதாரிகளின் வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4 விழுக்காடு. படிப்புக்கு மதிப்பில்லை என்று பலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்றா அர்த்தம்? அவரால் ஒருநாள்கூடச் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். கிடைத்த கூலிக்குப் போகிறார், கணக்கில் வேலை பார்ப்பவராக வருகிறார். பட்டதாரிக்குப் பின்னால் அப்பாவின் ஆட்டோவோ அம்மாவின் தையல் மெஷினோ இருக்கிறது. அதன் தயவில் அவர் காத்திருக்கிறார். எதற்காகக் காத்திருக்கிறார், அதுவும் ஏன் இவ்வளவு பிடிவாதமாக என்பதுதான் விடாமல் என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

ஒரு பே ஸ்லிப்

அக்கா மகள் திருமங்கலத்தில் இருக்கிறாள். மச்சான் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் கட்டணச் சலுகையில் பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் முடித்தாள். சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள், ஒரு வருடம் நெருங்கும்போது திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து நூலகம்தான், மாதிரித் தேர்வு எழுதும் டெஸ்ட் பேட்ச்தான். தீபாவளிக்குப் போயிருந்தபோது மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, நீ சொன்னா கேப்பா. எவ்வளவு நாளைக்கு இப்படி உக்காந்து படிப்பா? வர்றவன் போறவனெல்லாம் கேக்குறான்" என்றார். எங்கள் ஆபீஸிலேயே ஓர் இடம் காலியாக இருந்தது. மாதம் 13,000. பாலிஷாக ஆரம்பித்தேன்.

அவள் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்து வந்தாள். அதிலிருந்து ஒரு பே ஸ்லிப்பை உருவி என் கையில் கொடுத்தாள். "தினமும் அடுத்தவங்க சம்பளம்தான மாமா பாக்குறீங்க. இதையும் பாருங்க."

தொழில் புத்தி, முதலில் தலைப்பைத்தான் பார்த்தேன். அவள் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்டரின் பெயர் இருந்தது. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 11,000. வீட்டு வாடகைப்படி, இதர படி என்று பிரித்துப் போட்டு மொத்தம் 16,200. பி.எஃப். அடிப்படைக்கு மட்டும்தான், 1,320. பி.எஃப். பங்கைக் குறைக்கத்தான் இப்படிப் பிரித்துப் போடுவது என்று எனக்குத் தெரியும், நானே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இ.எஸ்.ஐ. 122, கேன்டீன் 450, ஹாஸ்டல் 1,500. கையில் வந்தது 12,808. "சரி, ஆரம்பச் சம்பளம் அப்படித்தான் இருக்கும். போகப் போக ஏறும்ல" என்றேன். பெரியவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்.

"என் லைன்ல ஒரு அக்கா இருந்தாங்க மாமா. ஒன்பது வருஷம். எனக்கு வேலை கத்துக்குடுத்ததே அவங்கதான். அவங்க எவ்வளவு வாங்குவாங்கன்னு நினைக்கிறீங்க?"

இருபத்தைந்து இருக்கும் என்றேன்.

"பதினெட்டுச் சொச்சம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் இன்னைக்குச் சேர்ந்தாலும் பதினாறு. மூணு வருஷம் கழிச்சுச் சேர்ந்தாலும் பதினாறு, இல்ல பதினேழு. அப்ப இந்த மூணு வருஷம் உக்காந்து படிச்சா எனக்கு என்ன மாமா நஷ்டம்? சாப்பாட்டுச் செலவைத் தவிர?"

மச்சான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து ஆபீஸ் போனதும் முதல் வேலையாக, கணினியில் இருந்த சம்பளப் பட்டியல்களைச் சேர்ந்த தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். எக்ஸெலில் இரண்டு தட்டு தட்டினால் போதும். இத்தனை காலம் தோன்றியதே இல்லை. வழக்கமாகப் பெயர் வரிசையிலோ, பி.எஃப். கணக்கு எண்ணான யு.ஏ.என். வரிசையிலோதான் பார்ப்போம். தேதி வாரியாக அடுக்கியதும் சம்பளப் பத்தி ஏறக்குறையத் தட்டையாக நின்றது. 2013இல் சேர்ந்த வெல்டருக்கும் 2023இல் சேர்ந்த வெல்டருக்கும் நடுவே மூவாயிரம், நாலாயிரம். அதற்குமேல் துள்ளி நிற்கும் ஒன்றிரண்டு எண்களைத் தேடிப் போனால், அது முதலாளியின் மச்சினனாகவோ தம்பி மகனாகவோ இருக்கும். இரண்டு மூன்று கம்பெனிகளில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அந்தக் கம்பெனிகளில் யாரும் வேலையை விட்டுப் போவதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு பக்கம் வையுங்கள். குரூப் 4 வழியாகச் சேரும் இளநிலை உதவியாளருக்கு அடிப்படை 19,500. அகவிலைப்படி சேர்ந்தால் ஆரம்பத்திலேயே 30,000 தாண்டும். வருடத்துக்கு 3 விழுக்காடு ஊதிய உயர்வு, வருடத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி மாற்றம். பத்தாம் வருடம் என்ன சம்பளம் என்று இன்றைக்கே உத்தேசமாக எழுதிக் காட்டிவிடலாம். தனியார் வேலை தேடும் பிள்ளைகளிடம் எல்லோரும் ஆரம்பச் சம்பளத்தைப் பற்றியே பேசுகிறோம். அவர்கள் பார்ப்பது பத்தாம் வருடச் சம்பளத்தை. அது கண்ணில் படாத இடத்தில், காத்திருப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இதை விளங்கிக்கொள்ளப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம், லைனில் பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் சம்பளம் கேட்டால் போதும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கில் இன்னும் சில வரிகள் கூடும். நாட்டில் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அது உண்மையிலேயே பெருமைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு அது கல்யாணத்துக்கு முன்பு செய்யும் வேலை. சட்டப்படி தனியாரிலும் 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. பதினொரு மாத காண்டிராக்டில் இருப்பவளுக்கு அந்தச் சட்டம் எப்படி வந்து சேரும்? காண்டிராக்டைப் புதுப்பிக்காமல் விட்டால் முடிந்தது. மாநில அரசு வேலையில் 2021 முதல் பன்னிரண்டு மாதம், சம்பளத்தோடு. நியமனத்தில் 30 விழுக்காடு பெண்களுக்கு. மாப்பிள்ளை வீட்டார் "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகணுமா?" என்று கேட்காத ஒரே வேலையும் அதுதான் என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

கடைசியாக அக்கா மகள் ஒன்று சொன்னாள், அதுதான் ராமேஸ்வரம் விஷயத்தில் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்று எனக்கு விளக்கியது. "மாமா, உங்க ஆபீஸ் வேலை எனக்கு எப்படி வருது? நீங்க மாமாங்கிறதால. அங்கே எனக்கு யாரையும் தெரிஞ்சிருக்க வேண்டாம்." குரூப் 4க்கு நேர்முகத் தேர்வு கிடையாது. ஓ.எம்.ஆர். தாள், தரவரிசை, கவுன்சலிங், முடிந்தது. 1929இல் நாட்டிலேயே முதன்முதலாக ஒரு மாகாணத்துக்கென்று மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் தொடங்கியதும், அதன்பின் இடஒதுக்கீட்டுக்காக நடந்த நெடிய சண்டையும் சேர்ந்து இந்த மாநிலத்தில் உண்டாக்கிய நம்பிக்கை இது: லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் மகள் யார் தயவும் இல்லாமல் உள்ளே நுழையக்கூடிய கதவு ஒன்று இருக்கிறது. தனியார் துறையில் அப்படி எத்தனை கதவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இருபதாவது ஆள்

சம்பளம் ஏன் ஏறுவதில்லை என்பதற்கு முதலாளிகளின் பேராசை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வது சுலபம். என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கப்பலூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பெயர் வேண்டாம். அவர் பெயரில் உள்ள பட்டறையில் 19 பேர். பக்கத்து ஷெட் அவர் மனைவி பெயரில், அங்கே 14 பேர். இருபது பேர் ஆனால் பி.எஃப்., போனஸ் எல்லாம் வந்து சேரும். அதனால் இருபதாவது ஆள் எப்போதும் மனைவியின் கம்பெனிக்குப் போவார். வெல்டிங் மெஷின் மட்டும் இரண்டு ஷெட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கும். இதெல்லாம் ஒரே நிறுவனம்தான் என்று பி.எஃப். அதிகாரி ஒருநாள் வந்து சேர்த்துவிட முடியும். அது அவருக்கும் தெரியும்.

நாடே இப்படித்தான் இருக்கிறது. 2015-16 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி 6.34 கோடி சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள். அவற்றில் வேலை பார்ப்பவர்கள் 11.1 கோடி. வகுத்தால் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு ஆள்கூட இல்லை. முதலாளியே தொழிலாளி. இரண்டு பேர் இருக்கும் இடத்தில் சீனியர் யார், ஜூனியர் யார், பதவி உயர்வு எதற்கு? ஏணிக்குப் படி வேண்டுமென்றால் கட்டடத்துக்கு மாடி வேண்டும். 2023-24 கணக்கெடுப்பில் உற்பத்தித் துறையில் இருந்தது மொத்தத் தொழிலாளர்களில் 11.4 விழுக்காடு மட்டும். 46 விழுக்காடு பேர் இன்னும் விவசாயத்தில். நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. கொரோனாவுக்கு முன்பு இருந்ததைவிட விவசாயத்தில் இருப்பவர்களின் விழுக்காடு கூடியது என்பது, வளரும் நாட்டுக்கு நேர் எதிர்த் திசை.

இந்த இடத்தில் கடுமையான தொழிலாளர் சட்டங்கள்தான் வில்லன் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் முப்பது வருடமாக எழுதுகின்றன. 2025 நவம்பரில், பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்த நான்கு தொகுப்புச் சட்டங்களும் வந்துவிட்டன. அனுமதியின்றி ஆட்குறைப்பு செய்யும் வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆனது. கப்பலூர்க்காரரிடம் சொன்னேன். "முந்நூறா?" என்று சிரித்தார். இருபதைத் தாண்டத் தயங்குகிறவருக்கு முந்நூறில் என்ன சலுகை கொடுத்து என்ன ஆகப்போகிறது. சட்டத்தால் வரும் தொல்லை உண்மைதான், நான் மறுக்கவில்லை; அந்தத் தொல்லையில்தான் எனக்குச் சம்பளமே வருகிறது. ஆனால் அவர் வளராததற்கு முதல் காரணம் அது இல்லை.

முதல் காரணம் வர வேண்டிய பணம். அவர் வேலை செய்து கொடுக்கும் பெரிய கம்பெனி பில்லை ஐந்து மாதம், ஆறு மாதம் இழுக்கிறது. 2006ஆம் வருடச் சட்டப்படி 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. புகார் செய்ய இணையதளமே இருக்கிறது. காகிதத்தில் இதைவிடக் கறாரான சட்டம் கிடையாது. என் பார்ட்டிகளில் யாரும் அதில் புகார் போட்டதில்லை. போட்டால் அந்த பில் வரும், அடுத்த ஆர்டர் வராது. கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 43பி(எச்) பிரிவைக் கொண்டுவந்தார்கள். உடனே சில பெரிய கம்பெனிகள், உதயம் பதிவு, அதாவது சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு இல்லாத ஆட்களாகப் பார்த்து ஆர்டரை மாற்றுவதாகப் பேச்சு கிளம்பியது. இரண்டு பார்ட்டிகள் என்னிடம் வந்து, பதிவை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டார்கள். அரசாங்கம் பாதுகாப்பு கொடுக்கிறது, அதை வாங்கிக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை: வெளியாளை நம்பி கல்லாவையோ கடையையோ ஒப்படைக்க மாட்டார்கள். தம்பி மகன் ஒருவன் இருந்தால் இரண்டாவது யூனிட் திறக்கும். இல்லாவிட்டால் திறக்காது. அக்கா மகளைப் போன்ற ஒருத்தி அங்கே சேர்ந்து பத்து வருடம் உழைத்தாலும் அவளை மேனேஜராக்குவது அவர்கள் யோசனையிலேயே கிடையாது.

சரி, பெரிய கம்பெனிகளாவது? அங்கே ஆள் பலம் உண்டு, படிநிலையும் உண்டு. ஆனால் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தொழிலாளர்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு காண்டிராக்ட் ஆட்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் இது 20 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. மாடி இருக்கிறது, அங்கே போகும் படிக்கட்டு வேறொருவர் பெயரில் இருக்கிறது. திறன் இல்லை, திறன் இல்லை என்று மேடைதோறும் சொல்கிறார்கள். நான் முதல்வன் மாதிரியான திட்டங்கள் வந்திருப்பது நல்லதுதான். ஒன்பது வருட அனுபவத்தோடு லைனில் நின்ற அந்த அக்காவிடம் இல்லாத எந்தத் திறன் அவர் சம்பளத்தைப் பதினெட்டில் நிறுத்தி வைத்தது என்று மட்டும் யாராவது சொல்ல வேண்டும்.

வரிசை கலையாது

இவ்வளவும் எழுதிவிட்டு, காத்திருப்பதே சரி என்று முடித்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அக்கா மகள் போட்ட கணக்கில் ஒரு வரி குறைகிறது.

2001 முதல் 2006 வரை ஜெயலலிதா ஆட்சியில் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டிப் புதிதாக ஆள் எடுப்பதைப் பெருமளவு நிறுத்தி வைத்தார்கள். ஆசிரியர், போலீஸ், மருத்துவத் துறைகள் தவிர மற்றவற்றில் ஆணையத் தேர்வுகள் அநேகமாக வற்றிப்போயின. அந்தக் காலத்தை குணால் மங்கல் என்ற பொருளியலாளர் ஆய்வு செய்திருக்கிறார். வேலை இல்லை என்று தெரிந்ததும் வரிசை கலைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? கலையவில்லை. அந்தச் சமயத்தில் கல்லூரி முடித்த ஆண்கள் இன்னும் அதிக காலம் வேலையில்லாமல் இருந்தார்கள், அதாவது படித்துக்கொண்டே காத்திருந்தார்கள். அதன் வடு பிற்பாடு அவர்களுடைய சம்பாத்தியத்திலும், தனிக் குடும்பம் அமைவது தள்ளிப்போனதிலும் தெரிந்தது. எனக்குப் பரிச்சயமான தலைமுறை அது. என்னோடு படித்தவர்களில் அப்படிக் காத்திருந்து முப்பத்தைந்தில் எல்.ஐ.சி. ஏஜென்ட் ஆனவர்கள் உண்டு, ஜெராக்ஸ் கடை வைத்தவர்கள் உண்டு. யாரும் திறமை குறைந்தவர்கள் இல்லை.

அரசு வேலை அசைக்க முடியாதது என்பதும் பாதி நம்பிக்கைதான். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாகக் கிட்டத்தட்ட 1.7 லட்சம் பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் பெரும்பாலோர் திரும்பினார்கள். அதே வருடம் ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்றானது. இப்போது அரசே தொகுப்பூதியம், அவுட்சோர்ஸிங் என்று காண்டிராக்டர் வழியில் போகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது எதற்காக? இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததற்காக. தனியார் வேலையை அரசு வேலை மாதிரி ஆக்குவார்கள் என்று பார்த்தால், அரசு வேலையைத் தனியார் வேலை மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். குரூப் 4 இடங்கள் 7,301லிருந்து 3,935க்கு வந்ததை அவளும் பார்க்கிறாள்.

அவளிடம் இதைச் சொன்னேன். ஆறாயிரம் பேர் உள்ளே போனால், மிச்சம் இருபது லட்சத்துச் சொச்சம் பேரில் ஒருத்தியாக நிற்க வேண்டிவந்தால் உன் பே ஸ்லிப் கணக்கு என்ன ஆகும், முப்பத்திரண்டு வயதில் அனுபவமும் இல்லாமல், சர்டிஃபிகேட்டும் பழையதாகி? "தெரியும் மாமா" என்றாள். "அதான் டைப்ரைட்டிங் ஹையர் முடிக்கிறேன். டைப்பிஸ்ட் போஸ்ட்டுக்குப் போட்டி கம்மி. அதுவும் வரலைன்னா அப்ப நீங்க சொல்ற பதிமூணாயிரம் எங்கயும் ஓடிப் போயிடாதுல்ல?" ஓடிப் போகாதுதான். பணவீக்கத்துக்கு அது ஒரு ரூபாய்கூட நகராது என்பதுதானே அவள் வாதமே.

மச்சான் இப்போது என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மகளுக்குப் புத்தி சொல்லக் கூப்பிட்டால், அவளுக்கு ஆதரவாகக் கணக்குப் போட்டுவிட்டு வந்தவன் என்ற வருத்தம். ஆதரவு, எதிர்ப்பு என்று எதுவும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகச் சரியாகப் போட்ட கணக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, இருபது லட்சம் இளம் வயதுகளை ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்தின் முன் உட்கார வைத்திருக்கிறது. அதில் பிள்ளைகளின் பிழை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2025 ஆகஸ்ட் முதல் ஒன்றிய அரசின் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம் நடக்கிறது. மொத்த ஒதுக்கீடு கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி ரூபாய். முதல்முறை பி.எஃப்.இல் சேருகிறவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000, இரண்டு தவணையாக. கூடுதலாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஆளுக்கு மாதம் 3,000 வரை இரண்டு வருடம். உற்பத்தித் துறை என்றால் நான்கு வருடம். ஐம்பது பேருக்குக் குறைவான கம்பெனி குறைந்தது இரண்டு பேரைப் புதிதாக எடுக்க வேண்டும். அறிவிப்பு வந்த வாரம் எங்கள் ஆபீஸில் போன் ஓயவில்லை. இருக்கிற ஆளையே புது ஆளாகக் காட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முகத்தைப் படமெடுத்து ஆதாரோடு ஒப்பிட்டால்தான் யு.ஏ.என். வரும், முடியாது என்றதும் பலர் அடங்கிவிட்டார்கள்.

பேக்கேஜிங் யூனிட் வைத்திருக்கும் ஓர் அண்ணன் மட்டும் நிஜமாகவே இரண்டு பேரை எடுத்தார். அடிப்படை 11,500. அந்தச் சம்பளத்துக்கு ஆளுக்கு மாதம் 2,000 திரும்பி வரும். பாரத்தில் கையெழுத்து வாங்கும்போது கேட்டேன், நாலு வருடம் கழித்து அந்தப் பையன்களுக்கு என்ன சம்பளம் இருக்கும் என்று. பாக்கிப் பட்டியலைக் காட்டினார். ஒரே கம்பெனியிடமிருந்து 14 லட்சம், ஐந்து மாதமாக. "இது மாசாமாசம் கரெக்டா வந்தா நீ கேட்டதுக்கு இப்பவே பதில் சொல்லுவேன் தம்பி" என்றார்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் பி.காம். வேலையில் கெட்டிக்காரன் என்று அண்ணனே சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் மட்டும் வேண்டாம், டெஸ்ட் பேட்ச் இருக்கிறது என்று சேரும்போதே கேட்டு வாங்கிக்கொண்டானாம். "எப்படிண்ணே ஒத்துக்கிட்டீங்க?" என்றேன். "வேற என்ன செய்ய? பரிச்சை வரைக்குமாவது இருப்பான்ல" என்றார்.